சண்டி என்னும் பட்டம்

வேலூர் லாங் பஜாரில் பழைய காகிதம் வாங்கும் கடையொன்றில், கட்டிவைத்த செய்தித்தாள்களுக்கு நடுவே அட்டை கிழிந்த 'பெரிய எழுத்து' நூலொன்று எம் கண்ணிற் பட்டது. எடுத்துப் பார்த்தால், தேசிங்குராஜன் கதை. கடைக்காரர் அதற்குத் தனியே விலை சொல்ல மறுத்தார். தராசிலிட்டு, எடைக்குரிய காசை மட்டும் பெற்றுக்கொண்டார். ஓர் இலக்கியத்தை நிறுத்து வாங்கிய நாணத்தோடு வீடு திரும்பினோம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி அதனைப் படித்துக் காட்டினோம். டில்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை. எவரும் அதன்மீது ஏறியமர இயலவில்லை. வந்த வீரரெல்லாம் தோற்றுத் திரும்பினர். செஞ்சியிலிருந்து அழைக்கப்பட்ட தேசிங்கின் தந்தையும் தோற்றார், சிறைப்பட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். பின்னர் இளைஞன் தேசிங்கு டில்லி சென்றான், ஏறினான், வென்றான். தந்தையை மீட்டான், குதிரையையும் பரிசாகப் பெற்றான். இவ்விடத்தில் எம் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: "அதுக்கப்புறம் அந்தக் குதிரை அடம் பிடிக்கவே இல்லியா?"

நூலைப் புரட்டினோம். இல்லை. அதற்குப் பின் அக்குதிரை ஓரிடத்திலும் முரண்டவில்லை. 'பாராசாரி' என்ற அழகிய பெயர் மட்டும் இருக்கிறது; குணம் டில்லியிலேயே தங்கிவிட்டது. இக்கட்டுரை எழுந்தது அச்சிறுமியின் கேள்வியினால்தான்.

தேசிங்கின் கதை நம் வட்டாரத்துக்கு அயலான கதையன்று. பந்தேலா ராஜபுத்திரனாகிய தேஜ் சிங், திறை தொடர்பான பூசலில் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகானை எதிர்த்து 1714 அக்டோபரில் செஞ்சிக்கு அருகே களத்தில் மாண்டான். அவன் உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம். மணப்பந்தலிலிருந்து எழுந்து போருக்கு ஓடிவந்து உடன் மாண்டவனாகக் கதைப்பாடல் அவனைப் பாடுகிறது. அவன் ஏறிய குதிரைக்கு 'நீலவேணி' என்று பெயர். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே, வென்ற நவாப் பாலாற்றின் வடகரையில் ஓர் ஊரை அமைத்து இராணிப்பேட்டை எனப் பெயரிட்டார் என்பர். இன்று தோல் தொழிலால் அறியப்படும் அவ்வூரின் பெயருக்குள்ளே இக்கதை இருக்கிறது. சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியார் 1943இல் எழுதிய செஞ்சி வரலாற்றிலும் இக்கதைப்பாடல் ஆராயப்பட்டுள்ளது. 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடம் புனைந்தார் எனக் கண்டவர் சொல்லக் கேட்டுள்ளோம். குதிரைக்கு அதில் என்ன வேடம் கிடைத்தது என்பதை எவரும் சொல்லக் காணோம்.

பாடல் புனைந்தோரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அவருக்கு வீரனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. குதிரையின் பிடிவாதம் அதற்குப் பயன்பட்டது. அளந்து முடித்ததும் கோலை மூலையிற் சாத்திவிட்டார். ஆனால் குதிரை வளர்த்தவர் எவரைக் கேட்டாலும் வேறுவிதமாகச் சொல்வர். முரண்டும் குதிரை தன் அன்புக்குரியவனிடமும் முரண்டும். அவனிடம் சற்று மிகுதியாகவே முரண்டும். தேசிங்கு ஒருநாளேனும் லாயத்தில் கொள்ளுக்கூடையோடு நின்று கெஞ்சியிருப்பான். அந்த ஒரு காட்சி பாடலில் இருந்திருந்தால், களத்தில் குதிரை வீழும்போது நம் கண்ணீர் இருமடங்காகியிருக்கும்.

நம்மவர் யாத்த இலக்கியத்தில் நிலைமை என்ன? உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களாலானது. அதில் மான் பேசுகிறது, உடும்பு பேசுகிறது, ஒட்டகை பேசுகிறது. மானுக்குப் பிணை நின்ற படலத்தை மத்ரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறோம். கன்றுக்குப் பாலூட்டிவிட்டுச் சொன்ன சொல் தவறாது திரும்பும் அந்தப் பிணைமானின் தாய்மையில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்திருக்கிறது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கு வரும் விலங்குகள் யாவும் நல்ல பிள்ளைகள். சாட்சி சொல்ல வருகின்றன, சொல்லிவிட்டுப் போகின்றன. ஹிஜ்ரத்துக் காண்டத்தில் சுராக்கா துரத்தி வரும்போது அவர் குதிரையின் கால்கள் மண்ணிற் புதைகின்றன. அதுவும் இறைக்கட்டளையால் நேர்வதேயன்றிக் குதிரையின் சுபாவத்தால் நேர்வதன்று.

நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகை கஸ்வாவின் வாழ்வில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மதீனா நகர்ப் பிரவேசம். தத்தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்லப் பலரும் அதன் கடிவாளத்தைப் பற்ற முயன்றபோது, அது ஏவப்பட்டிருக்கிறது, வழிவிடுங்கள் என்று பெருமானார் அருளினார்கள். இப்னு இஸ்ஹாக் வழி வரும் வரலாற்றில் அடுத்து நிகழ்வது சுவையானது. ஒட்டகை ஓரிடத்தில் மண்டியிட்டது. இறங்குமுன் எழுந்தது, சிறிது தூரம் நடந்தது, திரும்பிப் பார்த்தது, முதலிற் படுத்த இடத்துக்கே வந்து மீண்டும் மண்டியிட்டுக் கழுத்தைத் தரையில் நீட்டிக்கொண்டது. வீடு பார்க்க வந்த மூதாட்டி ஒருத்தி அறையறையாய்ச் சுற்றிவிட்டு முதலிற் கண்ட அறையே போதும் என்று அமர்வதைப் போல இருக்கிறது. இறைவனின் ஏவலும் அவ்விலங்கின் சுபாவமும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே செயலில் நிற்கின்றன.

இரண்டாம் இடம் ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6, துல்கஃதா மாதம். உம்ரா நாடி மக்காவை நெருங்கும் வேளையில் கஸ்வா படுத்துக்கொண்டது. அதட்டினார்கள், எழவில்லை. கஸ்வா சண்டித்தனம் செய்கிறது என்று உடன் வந்தோர் இருமுறை கூறினர். கஸ்வா சண்டித்தனம் செய்யவில்லை, அது அதன் குணமும் அன்று, யானையைத் தடுத்தவனே இதனையும் தடுத்தான் என்று பெருமானார் (ஸல்) மறுமொழி கூறினார்கள். சஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. சீறாப்புராணம் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. ஹுதைபிய்யா அதில் இல்லை. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பனு அகமது மரைக்காயர் சின்னச் சீறாவில் தொடர்ந்தார். மானுக்கு அத்தனை கனிவு காட்டிய உமறின் எழுதுகோல், படுத்துக்கொண்ட ஒட்டகைக்கு முன் வந்து நின்றிருந்தால் என்ன பாடியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்நிகழ்ச்சியில் மக்கள் கையாண்ட சொல் 'கலஅத்' என்பது. அரபு மொழி வல்லுநர் இதில் மிக நுணுக்கமானவர். பெண்ணொட்டகை முரண்டிப் படுத்தால் 'கலஅத்', ஆணொட்டகை அவ்வாறு செய்தால் 'அலஹ்ஹ', குதிரை நின்றுவிட்டால் 'ஹரன' என மூன்று வினைகளை வைத்திருக்கின்றனர். தமிழிலோ குதிரைக்கும் சண்டி, மாட்டுக்கும் சண்டி, மருந்து குடிக்காத குழந்தைக்கும் சண்டி, கிளம்பாத மோட்டாருக்கும் சண்டி! இன்னொரு வேடிக்கை: ஆணொட்டகையின் முரண்டைக் குறிக்கும் 'அலஹ்ஹ' என்ற அதே வினையிலிருந்து வருவதுதான் 'இல்ஹாஹ்'. துஆவில் விடாப்பிடியாக நின்று கேட்பதைப் புகழ்ந்து நம் உலமாக்கள் சொல்லும் சொல் அது. ஒட்டகத்தில் குறையாக இருந்தது அடியானிடம் சிறப்பாகிவிட்டது.

பெருமானார் குறிப்பிட்ட யானை, கஅபாவை இடிக்க அப்ரஹா ஓட்டிவந்த யானை. மக்காவை நோக்கித் திருப்பினால் படுத்துக்கொள்ளும். யமனை நோக்கித் திருப்பினால் எழுந்து ஓடும். ஷாமை நோக்கித் திருப்பினால் ஓடும். கிழக்கே திருப்பினாலும் ஓடும். மக்கா என்றால் மீண்டும் படுக்கும். ஃபீல் சூராவின் விளக்கத்தில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என விட்டுவிடுவோம். பாகன்கள் அதன் தலையில் இரும்பால் அடித்தார்கள் என்ற அடுத்த செய்தி வரும்போது சிரிப்பு தானே அடங்கிவிடும்.

புகாரிக்கு 'ஃபத்ஹுல் பாரி' என்னும் விரிவுரை யாத்த இப்னு ஹஜர் அஸ்கலானி (ஹிஜ்ரி 852இல் மறைந்தவர்) கஸ்வாவின் நிகழ்ச்சியிலிருந்து ஒரு சட்டம் பிழிகிறார். ஒன்றை அதன் அறியப்பட்ட வழக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். முன்பு அறியப்படாத ஒரு சறுக்கல் ஒருவரிடம் நேர்ந்துவிட்டால் அதனை அவர் குணமாக ஒட்டலாகாது. ஒட்டுவோரை மறுத்துரைக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒட்டகைக்காக ஒரு மறுப்புரை! விமர்சகர்கள் என்று பெயர் படைத்த நம்மில் எத்தனை பேர், ஒரே ஒரு தோற்ற நூலைக் கொண்டு எழுத்தாளரின் குணத்தையே தீர்ப்பிட்டிருக்கிறோம்!

பட்டம் சூட்டுவதில் மறுபக்கமும் ஒன்றுண்டு. அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் மன்தூப் என்றொரு குதிரை இருந்தது. மந்தநடை என்று பெயரெடுத்தது. மதீனாவில் ஓரிரவு அச்சக்குரல் எழ, பெருமானார் (ஸல்) அதன்மீது சேணமின்றி ஏறிச் சென்று, அச்சப்பட ஏதுமில்லை என்று திரும்பி வந்து, இதனைக் கடலாகக் கண்டோம் என்று புகழ்ந்தார்கள். அதன்பின் எந்தக் குதிரையும் அதனை முந்தியதில்லையாம்.

அரபிகள் முரண்டும் குதிரையை வெறுக்கவுமில்லை. இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' அகராதியில் 'ஹரூன்' என்ற சொல்லின்கீழ் ஒரு குதிரையின் வரலாறு வருகிறது. பாஹிலா குலத்தாரின் பந்தயக்குதிரை அது. அதன் பெயரே ஹரூன், அதாவது சண்டி. (இதனைக் கலீபா ஹாரூனோடு எவரும் குழப்பிக்கொள்ள வேண்டா, எழுத்துகள் வேறு.) பந்தயத்தில் மற்றக் குதிரைகளை வெகுதூரம் பின்தள்ளிவிட்டு நடுவழியில் நின்றுகொள்ளும். ஏறியிருப்பவன் தலையிலடித்துக்கொள்வான். பின்வருவன தன்னைத் தாண்டப்போகும் தருணத்தில் மீண்டும் பாய்ந்து முந்திவிடும். அதன் வழித்தோன்றல்களைத் தந்தை பெயரால் அழைத்து அரபிகள் பெருமை கொண்டனர். சண்டி என்ற பட்டம் அங்கே குலப்பெயராகிவிட்டது.

குதிரையைக் கைகளால் அறிந்தவர்க்கே இத்தகைய சுவை வாய்க்கும் போலும். இப்னு கல்லிகான் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று. அமைச்சர் ஃபள்லு இப்னு ரபீஉவின் அவையில் அஸ்மயீயும் அபூஉபைதாவும் இருந்தனர். குதிரையைப் பற்றி எத்தனை நூல் எழுதினீர் என்று கேட்டார் அமைச்சர். அஸ்மயீ ஒரு தொகுதி என்றார். அபூஉபைதா ஐம்பது என்றார். அப்படியாயின் எழுந்து இக்குதிரையின் உறுப்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பெயர் சொல்லும் என்று அமைச்சர் பணிக்க, நான் கால்நடை வைத்தியனல்லன், அரபிகளிடம் கேட்டு எழுதினேன் என்று அபூஉபைதா ஒதுங்கினார். அஸ்மயீ எழுந்து நெற்றிமயிரில் தொடங்கிக் குளம்பு வரை தொட்டுத் தொட்டுச் சொல்லி, குதிரையையே பரிசாகப் பெற்றார். அபூஉபைதாவைச் சீண்ட வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம் அதன்மேல் ஏறி அவர் வீட்டுக்குப் போவாராம். இதனைச் சொல்பவர் அஸ்மயீயே என்பதை வாசகர் மறக்கலாகாது.

நாம் அபூஉபைதாவின் கட்சி. குதிரையைத் தொட்டதில்லை, ஆனால் குதிரை வண்டியில் ஏறியிருக்கிறோம். 1970களின் இறுதியில், சிறுவனாக, ஆலிமாயிருந்த எம் பாட்டனாரோடு லாங் பஜார் வழியே போன நாள்கள் நினைவிலுள்ளன. வண்டிக்குள் புல் பரப்பி அதன்மேல் பாய் விரித்திருக்கும். பின்பாரம், முன்னே தள்ளி உட்காருங்கள் என்பார் வண்டிக்காரர். தள்ளி உட்கார்ந்தால் முன்பாரம் என்பார். அவ்வண்டியின் குதிரை ஒரு தானிய மண்டியின் வாசலில் நாள்தோறும் நின்றுவிடும். பின்னால் மூட்டைவண்டிகள் நெருங்கும், கூலியாள்கள் கூச்சலிடுவர், சண்டிக்குதிரை என்று கடைத்தெருவே சிரிக்கும். வண்டிக்காரர் சவுக்கைத் தொடமாட்டார். கீழே இறங்கிக் குதிரையின் முகத்தெதிரே தம் வெறுங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டுவார். அது இரண்டையும் மோந்து பார்க்கும், பிறகு நடக்கும்.

"என்னப்பா, சண்டியா இது?" என்று ஒருநாள் பாட்டனார் கேட்டார்.

"சண்டி இல்லீங்க ஹஜ்ரத். இந்த மண்டிப் பெரியவர் தெனம் ஒரு கை கொள்ளு வைப்பாரு. அவர் மவுத்தாயி வருஷமாச்சு. இது விசாரிச்சிட்டுத்தான் வரும்."

இப்னு ஹஜரை அவர் ஓதியதில்லை.

வீட்டு விலங்குகளைப் பற்றி நம் ஏடுகளும் மேடைகளும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்றுண்டு: சட்டைக் கையின்மேல் பூனை உறங்கிவிட, அதனை எழுப்ப மனமின்றிக் கையை வெட்டிவிட்டுத் தொழச் சென்ற நிகழ்ச்சி. இதனை நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஏற்றிச் சொல்வதற்கு ஹதீது நூல்களில் ஆதாரமில்லை. வரலாற்று நூல்களில் இது ஹிஜ்ரி 578இல் மறைந்த செய்யிது அஹ்மது ரிஃபாயீ அவர்களைப் பற்றியே வருகிறது. தொழுது திரும்பியதும் வெட்டிய கையை மீண்டும் தைத்துக்கொண்டார் என்ற அழகிய வாலும் அதற்குண்டு. நம் பேச்சாளர்கள் அந்த வாலை வெட்டிவிட்டனர். உறுதியான ஹதீது வேறிருக்கிறது. அபூகதாதா (ரலி) ஒளூச் செய்யும் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துப் பிடித்தார்; அது அசுத்தமன்று, உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை வியந்து நின்ற மருமகளிடம் எடுத்துரைத்தார். அங்கு வரும் 'தவ்வாஃப்' என்ற அதே சொல்லைத்தான் குர்ஆன் நூர் சூராவில் வீட்டினுள் வந்துபோகும் ஏவலரையும் சிறாரையும் குறிக்க ஆள்கிறது. பூனையைக் குடும்ப அட்டையில் சேர்த்தாயிற்று! இதை எழுதும்போது எம் வீட்டு 'தவ்வாஃப்' ஃபத்ஹுல் பாரியின் தொகுதி மேல் படுத்திருக்கிறது. மேலே மேற்கோள் காட்டிய பக்கத்தைச் சரிபார்க்க இருமுறை முயன்றும் அது இடம் விடவில்லை.

சிறுவர் அபூஉமைரிடம் ஒரு சிட்டுக்குருவி இருந்தது. அது இறந்து அவர் வாடியிருந்தபோது, குருவி என்ன செய்தது என்று எதுகைபட வினவிப் பெருமானார் அவரைத் தேற்றினார்கள். இந்தச் சிறு ஹதீதிலிருந்து இப்னுல் காஸ் என்னும் ஷாஃபியீ அறிஞர் அறுபது பயன்களை எடுத்து ஒரு நூலே எழுதினார். அறிவின் வியப்பு அது, மறுக்கவில்லை. ஆயினும் பாடம் நடத்தும் நாம் அறுபதையும் எண்ணி முடிக்கும்போது மணியடித்துவிடுகிறது. குருவிக்கு நேரமிருப்பதில்லை. விலங்கு வரும் இடமெல்லாம் படிப்பினையை மட்டும் உரித்தெடுத்துக்கொள்ளும் பழக்கம் உரையாசிரியர்களிடமிருந்து வந்ததன்று. நம் அவசரத்திலிருந்து வந்தது.

'உரித்தெடுத்தல்' என்ற சொல் இவ்வட்டாரத்தில் தற்செயலாக வந்துவிழுவதில்லை. வேலூர் முதல் வாணியம்பாடி வரை நம் குடும்பங்கள் பலவற்றின் சோறு தோலில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கிடங்குக்குச் சென்றிருந்தோம். தரம் பிரிக்கும் வேலையிலிருந்தவர் எம்மை அடையாளம் கண்டு எழுந்து ஸலாம் சொன்னார். எம்மிடம் ஓதியவர்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. சிறுவயதில் அவர் 'தப்பத் யதா' சூராவில் நின்றுவிடுவார். முன்னுள்ள சூராக்களைத் தடையின்றி ஓதுவார்; அங்கே வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். கேட்டோம், அதட்டினோம், பிரம்பைக் காட்டினோம், எழவில்லை. ஒருநாள் வகுப்பறிய 'சண்டி' என்றோம். வகுப்பு அப்பெயரை எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் அவர் வருவது நின்றது. 'த' என்று தொடங்கும் சொல் எதுவாயினும் அவர் நாவில் திக்கும் என்பதை, பின்னொரு நாள் அவர் தாயார் எம் வீட்டாரிடம் சொல்லித்தான் அறிந்தோம். கஸ்வாவின் ஹதீதை அதே ஆண்டில் மேல் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருந்தோம்.

அவர் ஒரு தோலை விரித்துக் காட்டினார். சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கிய பின் விலங்கின் வாழ்நாள் முழுதும் தோலில் தெரிந்துவிடுமாம். உண்ணி கடித்த புள்ளிகள், சூட்டுக்கோல் வைத்த வட்டம், கழுத்தில் நுகத்தழும்பு. பின்தொடைப் பக்கம் நெருக்கமாகப் பல கீறல்கள். இவையிருந்தால் தரம் இறங்கும், விலை போகாது. சண்டிமாடாயிருக்கும் என்றோம், வாய்ப்பழக்கத்தில்.

அவர் தலையசைத்து மறுத்தார். மாட்டைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது ஹஜ்ரத், ஓட்டியவன் கையைத்தான் இதில் பார்க்க முடியும் என்றார். எதனால் குத்திய கீறல் இது என்று வினவினோம். 'தார்க்குச்சி' என்பதே விடை. அச்சொல் அவர் வாயிலிருந்து வெளிவரச் சற்று நேரமாயிற்று. நாம் காத்திருந்தோம்.